இடைக்கால வீரக் காதல் கவிதைகள் பெண்ணைப் போற்றினவா?

"இடைக்கால ஐரோப்பியக் காதல் கவிதைகளில் வீரர்கள் பெண்ணின் முன் மண்டியிடுகிறார்களே, அப்படியானால் அக்காலத்தில் பெண்களுக்கு உண்மையிலேயே உயர்ந்த இடம் இருந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில இலக்கியம் படிப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். ஏறக்குறைய இதே கேள்வி என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்டது. அன்று நான் வாய் மூடி இருந்துவிட்டேன் என்பதால், இன்று சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

என் ஆய்வு 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த துருவா எழுதிய லான்சலாட் கதையைப் பற்றியது. கடத்தப்பட்ட அரசி குனிவியரைத் தேடிச் செல்லும் வீரனிடம், குற்றவாளிகளை ஏற்றி ஊர் முழுக்க அவமானப்படுத்தும் வண்டியில் ஏறினால் அரசியைப் பற்றிய செய்தி கிடைக்கும் என்று வண்டியோட்டும் குள்ளன் சொல்கிறான். மானத்துக்கும் காதலுக்கும் இடையில் இரண்டு எட்டு வைக்கும் நேரம் தயங்கிய பிறகே லான்சலாட் ஏறுகிறான். பிற்பாடு அவன் உயிரைப் பணயம் வைத்து வந்து நிற்கும்போது அரசி முகம் கொடுக்க மறுக்கிறாள். காரணம் அந்த இரண்டு எட்டுத் தயக்கம்தான். என் தேர்வாளர் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, "இப்படி ஒரு பெண்ணுக்கு அடங்கி நின்றவனைப் பாடிய காலத்தில் பெண் எப்படியம்மா தாழ்ந்திருப்பாள்? நீங்கள் இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறீர்கள்" என்றார். அடையாளத்துக்குக் காகிதத் துண்டு செருகிய புத்தகம் என் மடியில்தான் இருந்தது. அதைத் திறந்து காட்டாமல், "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் காகிதத் துண்டு இருந்த பக்கத்தில் வருவது இதுதான். வழியில் லான்சலாட்டுடன் ஒரு இளம்பெண் துணைக்கு வருகிறாள். அப்போது கவிஞர் கதையில் வரும் லோக்ரெஸ் என்ற நாட்டின் வழக்கத்தை விளக்குகிறார்: தனியாக வரும் பெண்ணை ஒரு வீரன் காண நேர்ந்தால், அவளுக்குத் தீங்கு செய்வதைவிடத் தன் கழுத்தை அறுத்துக்கொள்வதே அவனுக்கு மேல்; ஆனால் அவள் இன்னொரு வீரனின் காவலில் வரும்போது, அந்தக் காவலனை இவன் சண்டையில் வென்றுவிட்டால், அவளைத் தன் விருப்பப்படி நடத்திக்கொள்ளலாம், அதில் இழுக்கு எதுவும் இல்லை. அவளுடைய சம்மதம் என்ற பேச்சே அந்த விதியில் கிடையாது. சற்று நேரத்தில், அவள் விரும்பாத ஒருவன் வந்து அவளுடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து உரிமை கொண்டாடுகிறான். அதற்குச் சிறிது முன்புதான் லான்சலாட் ஒரு சீப்பில் சிக்கியிருந்த குனிவியரின் தலைமுடியை எடுத்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்கிறான். அரசியின் ஒரு முடிக்கு அத்தனை மரியாதை. பக்கத்தில் வரும் பெண்ணோ, வெல்பவனுக்குப் போய்ச் சேரும் பொருள்.

ஒரு கதையில் வரும் ஒரே வழக்கத்தை வைத்து முழு நூற்றாண்டையும் தீர்ப்பிடுவதா என்று சிலர் கேட்பார்கள்; நியாயமான கேள்விதான். ஆகவே அதே காலத்தைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் கப்பெலானுஸின் காதல் இலக்கண நூலையும் சொல்கிறேன். உயர்குடிப் பெண்ணிடம் எப்படிப் பணிந்து பேச வேண்டும் என்று உரையாடல் உரையாடலாகக் கற்றுக்கொடுக்கும் அந்த நூல், உழவர் குடிப் பெண் என்று வரும்போது வற்புறுத்தலைப் பயன்படுத்தவும் தயங்க வேண்டாம் என்கிறது. பணிவுக்கும் குலத்தின் எல்லை இருந்தது.

இவை கெட்ட கவிதைகள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் மேல் கொண்ட பற்றினால்தான் அத்தனை ஆண்டுகள் செலவிட்டேன். பெண்ணுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதும் என் வாதம் அன்று. லான்சலாட் கதைக்கான பொருளையும் கருத்தையும் தமக்குத் தந்தவர் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதிச் சீமாட்டி மரி என்று கிரெத்தியனே முன்னுரையில் எழுதுகிறார். எழுதச் சொல்லும் இடத்தில் ஒரு பெண் இருந்தார். ஆயினும் சீமாட்டிக்கும் அரசிக்கும் கிடைத்த வணக்கத்தை எல்லாப் பெண்களின் கணக்கிலும் எழுதுவதைத்தான் நான் மறுக்கிறேன். என் தேர்வாளர் செய்ததும் அதுவே.

நீங்களும் இந்தக் கதையைப் படிக்கப் போகிறீர்கள் என்றால், அரசி வரும் காட்சிகளோடு நிறுத்திவிடாமல், லான்சலாட்டோடு வழிநடந்து வரும் அந்தப் பெயரில்லாப் பெண்ணின் பகுதியையும் முழுமையாகப் படியுங்கள். உரைநூல்களின் கதைச்சுருக்கத்தில் அவள் பெரும்பாலும் வருவதில்லை.