கவுன்சிலிங் போனால் கணவன் மனைவி சண்டை தீருமா?

"தீருமா, இல்லை காசுக்குத்தான் கேடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் சண்டை தீரவில்லை. சண்டை போடுகிற விதம் மாறியது.

கல்யாணமாகி ஏழாவது வருடம். என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். ஊரில் தம்பிக்குப் பணம் அனுப்பியதை ஏன் சொல்லவில்லை என்று மனைவி கேட்பாள். நான் பதில் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போவேன். பின்னாலேயே வந்து கேட்பாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்புறம் மூன்று நாள் பேச்சு இருக்காது.

அவள் வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்ற பிறகுதான் கவுன்சிலிங்குக்குச் சம்மதித்தேன். யார் பக்கம் நியாயம் என்று கவுன்சிலிங் தருகிற மேடம் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. முதல் சிட்டிங்கில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடுப்போடு வீடு திரும்பினேன்.

இரண்டாவது சிட்டிங்கில் ஒரு தாளைக் கொடுத்து, இரண்டு குடும்பங்களையும் மூன்று தலைமுறைக்கு வரையச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பேச்சு அற்றுப்போன உறவுக்கு நடுவில் வெட்டின கோடு. என் பக்கம் பூராவும் வெட்டுக்கோடுகள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாரக்கணக்கில் பேச மாட்டார். அம்மா சொம்பை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "தண்ணி வச்சிருக்கு" என்பார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. மனைவி வீட்டில் நேர்மாறு. கத்தித் தீர்த்துவிட்டு அரை மணி நேரத்தில் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். ஆக, நான் வாயை மூடினால் அவளுக்கு 'நீ எனக்கு வேண்டாம்' என்று கேட்கிறது. அவள் குரலை உயர்த்தினால் எனக்கு 'நீ தண்டம்' என்று கேட்கிறது. ஏழு வருடம் இப்படியே ஓடியிருக்கிறது!

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதிகளைப் பேசவிட்டு, நாடித்துடிப்பு வரை அளந்து பார்த்தவர். படபடப்பு ஏறிவிட்டால் எதிராளி சொல்வது மண்டைக்குள் போகாது, தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். தம்பதிகளின் சண்டைகளில் 69 சதவீதம் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்பதும் அவர் கணக்கு. மேடம் இதைச் சொன்னபோது எனக்கு நிம்மதிதான் வந்தது. மாடிக்குப் போவதையும் அவர் தடுக்கவில்லை. "எத்தனை மணிக்குக் கீழே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார் என்னிடம். "அதுவரை நீங்கள் பின்னால் போகாதீர்கள்" என்றார் மனைவியிடம்.

ஐந்தாவது சிட்டிங்குக்கு அம்மாவையும் வரச் சொன்னார். மாமியார் மருமகள் ரகளை என்று பயந்துகொண்டே கூட்டிப்போனேன். அம்மாவின் குறை வேறு: "பணமோ கணக்கோ எனக்கு வேண்டாம். இன்னைக்கு என்ன குழம்புன்னுகூட என்னை யாரும் கேக்கறதில்லை." மனைவி அழுதுவிட்டாள்.

மொத்தம் எட்டு சிட்டிங், தடவைக்கு 1,200 ரூபாய். அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைப்பது ஆபத்து. அங்கே முதலில் பெண்கள் உதவி எண் 181. மற்றபடி, கணவனோ மனைவியோ கவுன்சிலிங்குக்கு வர மறுத்தால் தனியாகவாவது போங்கள். யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தம்பிக்குப் பணம் அனுப்புவது இன்னும் ஓயவில்லை. போன வாரம்கூடச் சண்டை. "எட்டரைக்கு வர்றேன்" என்று மாடி ஏறினேன், எட்டு நாற்பதுக்குத்தான் இறங்கினேன். அந்தப் பத்து நிமிடத்துக்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.