ஜெம் ரேசர் தாடைக்குக் கீழே வெட்டுவது ஏன்?

கோணத்தை மாற்றுங்கள், வெட்டு நின்றுவிடும். இருபுறமும் கூரான பிளேடு போடும் டபுள் எட்ஜ் ரேசரில் வழவழப்பாக வருகிறது, தாத்தா பெட்டியில் கிடைத்த, ஒருபுறம் மட்டும் கூரான பிளேடு போடும் ஜெம் சிங்கிள் எட்ஜில் மட்டும் தாடைக்குக் கீழே வெட்டுகிறது என்கிறீர்கள். இரண்டையும் ஒரே மாதிரி சாய்த்துப் பிடிக்கிறீர்கள் போலிருக்கிறது. ஜெம்மின் தட்டையான தலை கன்னத்தில் முழுதாகப் படிய வேண்டும். அப்போது கைப்பிடி ஏறக்குறைய நேராக வெளியே நீட்டி நிற்கும். அங்கிருந்து பிளேடு முடியைத் தொடும் வரை மட்டும் கைப்பிடியைக் கொஞ்சம் இறக்குங்கள். அழுத்தவே கூடாது. டபுள் எட்ஜ் பிளேடு 0.1 மி.மீ.தான், ஜெம் பிளேடு அதைப்போல இரு மடங்குக்கு மேல் தடிமன், வளைந்து கொடுக்காது.

அப்புறம், பிளேடைப் போட்டு மூடி வெளிச்சத்தில் பாருங்கள். இரு ஓரத்திலும் உள்ள சின்னக் கொக்கிகளை பிளேடு விளிம்பு ஒட்டியிருக்க வேண்டும். என்னுடையதில் இடது மூலையில் கடுகளவு காய்ந்த சோப்பு இருந்தது. அதனாலேயே பிளேடு கோணலாக நின்று ஒரு வாரம் கழுத்தைப் பதம் பார்த்தது. பழைய டூத் பிரஷால் தேய்த்ததும் சரியானது.

காட்பாடி போர் தண்ணீர் என்றால் உப்பில் நுரை நிற்காது. நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

ஒரு விஷயம்: ஹார்டுவேர் கடையில் பெயின்ட் சுரண்ட விற்கும் பிளேடும் இதில் உட்காரும். அதை முகத்தில் வைக்காதீர்கள். கழுத்துக் காயம் ஆறும்வரை டபுள் எட்ஜே போதும்.