துவக்கை விடும் தம்பி, கால்மேஸைப் பாரும்

தம்பி, நீர் எழுதினதை ரெண்டுதரம் வாசிச்சனான். கிளிநொச்சியில இருந்து கனடாவுக்கு வந்து ஆறு மாதம், பிராம்ப்டனில வெயர்ஹவுஸ் வேலை, கூட வேலைசெய்யிற வெள்ளைக்காரப் பெடியள் நவம்பரில ரொறன்ரோவுக்கு வடக்க பெரி சவுண்ட் பக்கம் மான் வேட்டைக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கினம். எந்தத் துவக்கு வாங்கலாம், மொத்தமா என்ன முடியும், குளிருக்கு ஒரு நல்ல ஜக்கெட் காணுமோ எண்டு மூண்டு கேள்வி. முதல் ரெண்டுக்கும் பதில் சொல்ல இஞ்ச கனபேர் இருக்கினம். துவக்கைத் தொட்டே பார்க்காதவனும் துவக்குக்கு மார்க் சொல்லுவான். நான் மூண்டாவதுக்குத்தான் வாறன்.

ஜக்கெட் காணாது. ஜக்கெட்டாலதான் கனபேர் விறைக்கிறது.

நான் 1991 தை மாதம் வந்தனான். அப்ப மொன்றியலுக்குக் கடல் கடந்து வாற விமானங்கள் மிராபெல் விமானநிலையத்திலதான் இறங்கும். கையில ஒரு பை, காலில புறக்கோட்டையில வாங்கின மெல்லிய சப்பாத்து. குளிரெண்டால் நுவரெலியா அளவு எண்டு நினைச்சுக்கொண்டு வந்த சனம் நாங்கள். பேந்து ரொறன்ரோவுக்கு வந்து, எல்லாரையும்போல கோப்பை கழுவுற வேலை. நிலக்கீழ் குசினி, சுடுதண்ணி ஆவி, சேட்டைப் பிழிஞ்சால் தண்ணி வடியும். இரவு ஒரு மணிக்கு அந்தச் சேட்டுக்கு மேல ஆரோ தந்த பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்காபரோ பஸ்ஸுக்கு நிண்டால், பத்து நிமிசத்தில பல்லுக் கிட்டும். கோட்டு மொத்தமான கோட்டு. உள்ள இருந்த ஈரச் சேட்டுத்தான் ஆளைத் தின்றது. அங்க பொயிலர் பார்க்க வாற பின்லாந்துக் கிழவர் ஒருத்தர் இதைப் பார்த்திட்டு, "காய்ஞ்ச சேட்டு ஒண்டைப் பையில கொண்டுவா" எண்டார். வந்து ரெண்டு மாதத்தில எனக்கு ஒராள் சொன்ன முதல் உருப்படியான புத்தி அது. எங்கட ஆக்கள் அதுவரைக்கும் சொன்னது, "இது என்ன குளிர், நாங்கள் வந்த காலத்தில பார்த்திருக்கோணும்" எண்ட கதை மட்டும்தான். அந்தக் கதை இப்பவும் சொல்லுவினம். நானும் இப்ப அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன், பரவாயில்லை.

என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்தக் கிழவர்தான். வேட்டையில ஒரு கொஞ்ச நேரம் நடை, பேந்து மணித்தியாலக் கணக்கில அசையாமல் இருக்கிறது. நடக்கேக்க உடம்பு அடுப்பு மாதிரி எரியும், இருக்கேக்க அணைஞ்சிடும். புதுசா போறவை இருக்கிறதுக்குரிய உடுப்பை எல்லாம் போட்டுக்கொண்டு நடக்க வெளிக்கிடுவினம். முழங்கால் அளவு ஸ்னோவில அரைமணி நடந்தால் முதுகெல்லாம் நனைஞ்சிடும், பேந்து மரத்தடியில குந்தினால் அந்த ஈரமே ஆளை விறைக்கவைக்கும். கிழவர் காம்பில, அதாவது வேட்டைக்காரர் தங்குற இடத்தில இருந்து வெளிக்கிடேக்க கம்பளிச் சேட்டோட மட்டும்தான் வருவார். மேல, மற்ற வேட்டைக்காரற்ற கண்ணில படுறதுக்கு ஒரேஞ்ச் வெஸ்ற். பெரிய ஜக்கெட்டைச் சுருட்டி முதுகில கட்டியிருப்பார். வாசல் தாண்டேக்க கொஞ்சம் குளிரோணும், குளிராட்டில் கூடப் போட்டிருக்கிறாய் எண்டு அர்த்தம். இருக்கிற இடத்துக்கு வந்து, ஐஞ்சு நிமிசம் சும்மா நிண்டு, ஆவி அடங்கின பிறகு உள் சேட்டை மாத்தித்தான் ஜக்கெட்டைப் போடுவார். அந்தக் குளிரில வெறும் மேலோட நிண்டு சேட்டு மாத்துறதைப் பார்க்க விசர்வேலை மாதிரித்தான் இருக்கும். நீரும் அதைச் செய்யும்.

பருத்தி ஒண்டும் வேண்டாம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகாதையும். நனைஞ்ச ஜீன்ஸ் காயாது. உள்ளுக்கு மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், அதுக்கு மேல மொத்தக் கம்பளி, அதுக்கு மேலதான் காற்றுத் தடுக்கிற ஜக்கெட். கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு வைக்கும். சப்பாத்து அரைச் சைஸ் பெருசா எடும், கீழ றப்பர், உள்ளுக்குக் கழட்டக்கூடிய ஃபெல்ற், அதாவது தடிச்ச கம்பளித்துணி உறை, இருக்கிற மாதிரி. இரவு அந்த ஃபெல்ற்றைக் கழட்டி அடுப்புக்குக் கிட்டக் காயப்போடோணும். கால் குளிருதெண்டு மூண்டு மேஸ் போட்டு இறுக்காதையும், ரத்தம் ஓடாட்டில் எத்தினை மேஸ் போட்டும் பிரயோசனமில்லை. ஒரு நல்ல கம்பளி மேஸ், பொக்கற்றில இன்னொரு சோடி. குந்துறதுக்கு ஒரு ஃபோம் துண்டு கொண்டுபோம். குளிர் முக்கால்வாசி குந்துற இடத்தால ஏறும் எண்டு கிழவர் சொல்லுவார், அவருக்கு மூலவருத்தமும் இருந்தது.

பெரி சவுண்டைப் பற்றி ஒண்டு தெரிஞ்சிருக்கோணும். ரொறன்ரோவில வெயில் எரிக்கேக்க அங்க முன்னால நிக்கிற மரம் தெரியாத அளவுக்கு ஸ்னோ கொட்டலாம். நவம்பரில பக்கத்தில இருக்கிற பெரிய ஏரி வளைகுடா, ஜோர்ஜியன் பே, அதின்ர தண்ணி இன்னும் சூடா இருக்கும், அதுக்கு மேலால குளிர்காற்று வந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கரையில கொட்டிவிடும். பத்துக் கிலோமீற்றர் தள்ளி ஒண்டும் இராது. நீர் வந்து பார்த்த குளிரெல்லாம் பஸ் தரிப்பிடக் குளிர். ரேடியோ மைனஸ் 28 எண்டு காற்றுக் குளிரை, அதாவது காற்றோட சேர்த்து உடம்புக்குத் தெரியிற குளிரைச் சொன்னால் திறந்த தோல் அரைமணிக்குள்ள உறையலாம், அண்டைக்கு எல்லாரும் கவனமாத்தான் இருப்பினம். ஆளை ஏமாத்துறது சைபருக்கு ரெண்டு பாகை மேல, மழையும் ஸ்னோவும் கலந்து பெய்யிற நாள். மேல இருந்து நனையும், உள்ள இருந்து வேர்க்கும். அதோட நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விடுவினம். பின்னேரம் ஐஞ்சு மணிக்கு இருட்டு. காலமை வந்த காலடி ஸ்னோவில மூடுப்பட்டிருக்கும், திரும்பிப் போற பாதை தெரியாது. போன் சிக்னலை நம்பாதையும். திசைகாட்டி, நெத்தி லைற், நெருப்புப்பெட்டி, விசில்.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்தது. பேந்து நாங்கள் தமிழ் ஆக்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து போகத் தொடங்கினம். ஒருமுறை வன்னிக்காட்டில வளர்ந்த ஒருத்தர் சேர்ந்து வந்தார். கெட்டிக்காரன், சத்தமில்லாமல் நடப்பார், காற்றை மோந்து பார்த்து எங்க குந்தோணும் எண்டு சொல்லுவார். "இதென்ன காடு, யானை இல்லை, கரடிகூட நித்திரைக்குப் போயிடும்" எண்டு காலமை முழுக்கப் பகிடி. மத்தியானம் மழைக்கு நனைஞ்சவர், வந்து உடுப்பு மாத்தச் சொன்னதுக்கு "எனக்குக் குளிரேல்லை" எண்டிட்டு இருந்த இடத்திலயே இருந்திட்டார். மூண்டு மணிபோல நான் போய்ப் பார்க்கேக்க நடுக்கம் நிண்டிருந்தது. அதைக் கண்டுதான் எனக்குப் பயம் பிடிச்சது. ஜக்கெட் சிப்பைப் பிடிக்கிறார், விரல் பிடிக்குதில்லை, திரும்பத் திரும்பப் பிடிக்கிறார், சிப்பைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார். நாக்கு தடிச்ச மாதிரிக் கதை. "அம்மா பிளேன்ரீ ஊத்திட்டா, வாறன்" எண்டார். அவற்ற அம்மா ஊரில, முள்ளியவளையில.

துவக்கை வாங்கிக் குண்டைக் கழட்டினன். ரெண்டு பேர் பிடிச்சு மெல்லமா, கிட்டத்தட்டத் தூக்கின மாதிரித்தான் காம்புக்குக் கொண்டுவந்தம். ஈர உடுப்பு முழுதும் கழட்டி, சிலிப்பிங் பாக்குக்குள்ள விட்டு, தலையை மூடி, நெஞ்சுக்கும் கமக்கட்டுக்கும் துணி சுத்தின சுடுதண்ணிப் போத்தல். விழுங்கக்கூடிய நிலை வந்த பிறகு சீனி கனக்கப் போட்ட தேத்தண்ணி. கை காலைத் தேய்க்கக் கூடாது. ஒருத்தர் விஸ்கியோட ஓடிவந்தார், அவரை வெளியில அனுப்பினது நான். சாராயம் குடிச்சால் சூடு மாதிரித் தெரியும், உண்மையில உள்ளுக்கிருக்கிற சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியில விட்டிடும். உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழ போனால் முதல்ல போறது புத்திதான், அதால தனக்கு என்ன நடக்குதெண்டு அந்த ஆளுக்கே தெரியாது. ஒரு மணித்தியாலத்தில திரும்ப நடுங்கத் தொடங்கினார், அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. உமக்குச் சொல்லுறன், நடுக்கம் நிண்டு புத்தி தடுமாறுதெண்டால் பார்த்துக்கொண்டிராமல் உடன 911தான், அதுக்கு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒராள் ஓடோணும்.

அவருக்கு அனுபவம் குறைவெண்டு நான் சொல்லமாட்டன். குளிருதெண்டு வாயால சொல்லக் கூச்சம். எங்கட ஆம்பிளையளுக்கு இந்த வியாதி இருக்கு. வெள்ளைக்காரருக்கு முன்னால இன்னும் மோசம், "இவன் சூட்டு நாட்டுக்காரன்" எண்டு நினைச்சிடுவினமாம். நினைக்கட்டும். அந்த பின்லாந்துக் கிழவர் தனக்குக் குளிருதெண்டால் மான் முன்னால வந்து நிண்டாலும் எழும்பிக் காம்புக்குப் போற ஆள். உம்மட கூட்டாளிப் பெடியளுக்கு முதல் நாளே சொல்லிவையும், இது உமக்கு முதல் குளிர்காலம் எண்டு. மணித்தியாலத்துக்கு ஒருக்கா உம்மைப் பார்க்கச் சொல்லும். இதில ஒரு வெட்கமும் இல்லை. ஸ்காபரோவில முப்பது வருசம் இருந்து வடக்க பரி நகரத்தைத் தாண்டாதவை நாளைக்கு உம்மைப் பார்த்துச் சிரிப்பினம். ஆயிரம் டொலர் ஜக்கெட்டோட மோலுக்குள்ள நடக்கிற ஆக்கள்.

மான் குளிருக்கு என்ன செய்யும் எண்டு தெரிஞ்சால் நீரும் சும்மா வெட்டையில நிண்டு விறைக்கத் தேவையில்லை. காற்றுப் பலமா அடிக்கிற நாள் அது திறந்த இடத்தில நிக்காது, சீடர், ஹெம்லொக் மரச் செறிவுக்குள்ள படுத்திடும். அதுக்குள்ள ஸ்னோவும் குறைவு, காற்றும் குறைவு. பெரிய காற்று வரமுதல் பின்னேரம் மேய வரும் எண்டது கிழவற்ற கணக்கு, கனக்கப் பிழைச்சதில்லை. எங்கட ஊரில குளக்கட்டில பரண் கட்டி, வறட்சியில தண்ணிக்கு வாறதுக்குக் காவலிருந்து, நெத்தி லைற் அடிச்சுத்தான் சுடுவினம். அங்கயே அது சட்டவிரோதம், தெரியும்தானே. இஞ்ச சூரியன் உதிக்க அரைமணிக்கு முதல் இருந்து படுத்து அரைமணிக்குப் பிறகு மட்டும்தான் நேரம். அதுக்குப் பிறகு துவக்கில குண்டு இருக்கக் கூடாது, உறைக்குள்ள இருக்கோணும். ஊர்ப்பழக்கத்தில லைற்றோட இறங்கி மாட்டுப்பட்டால் துவக்கும் போகும், லைசென்ஸும் போகும்.

துவக்கைப் பற்றி எழுதமாட்டன் எண்டனான், குளிரோட சேர்ந்ததை மட்டும் சொல்லிவிடுறன். இரவு அதைச் சூடான அறைக்குள்ள கொண்டுவராதையும். குளிர் இரும்பு வேர்க்கும், காலமை வெளியில கொண்டுபோக அந்த ஈரம் உள்ளுக்கு உறையும், குறிபார்க்கிற கண்ணாடியும் புகார் பிடிக்கும். குண்டைக் கழட்டி, துவக்கை உறையில போட்டு, சூடில்லாத அறையில வைச்சுப் பூட்டும். எண்ணெயும் கனக்கப் போடாதையும், குளிரில தடிச்சுச் சுத்தியல் மெத்தனமா விழும். விழுந்தெழும்பினால் குழல் வாயில ஸ்னோ அடைச்சிருக்கோ எண்டு குண்டைக் கழட்டிப் பார்த்திட்டுத்தான் மற்ற வேலை.

இறைச்சி கிடைச்சால் சொந்தக்காரர் ஆக்கள் போன் எடுப்பினம். வருசம் முழுக்க "உயிரைக் கொல்லுறியள்" எண்டு புத்தி சொல்லுறவை, நவம்பரில "ஒரு ரெண்டு கிலோ இருக்கோ, காசு தாறன்" எண்டுவினம். காட்டு மான் இறைச்சி விக்கிறது இஞ்ச குற்றம். சும்மா குடுக்கலாம். நான் சும்மாவும் எல்லாருக்கும் குடுக்கிறேல்லை.

மற்றதெல்லாம் உம்மட கூட்டாளியள் சொல்லித் தருவினம்: வேட்டைக் கோர்ஸ், அவுட்டோர்ஸ் காட் (வேட்டைக்காரருக்கு மாகாணம் குடுக்கிற அட்டை), துவக்கு லைசென்ஸ், மான் ராக் (ஒரு மானுக்குரிய அனுமதிச் சீட்டு), தலைக்கும் மேலுக்கும் ஒரேஞ்ச் நிறம். முதல்முறை துவக்கு லைசென்ஸ் கேக்கிறவருக்குக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு இருக்கு, அதுக்கு மேல லைசென்ஸ் குடுக்கிறவையின்ர வேலை நேரம். அதால இந்த நவம்பருக்குத் துவக்குக் கனவை விட்டிடும். வேட்டை லைசென்ஸ் இல்லாமல் மானைத் துரத்திவிடுறதும், பதுங்கி இருக்கிறதும்கூட சட்டத்தில வேட்டைதான், "சும்மா நடந்து கலைச்சுவிடு" எண்டு ஆரும் கேட்டால் மாட்டன் எண்டும். காம்பில சமையலைப் பொறுப்பெடுத்து, குளிரைப் பழகிக்கொண்டு வாரும். ஒரு கறி வைச்சுக் குடுத்தால் அடுத்த வருசமும் உம்மை விடமாட்டினம்.

அவையிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லும், காம்பில விறகடுப்போ புரொப்பேன் ஹீற்றரோ எண்டு. எதெண்டாலும் அதில இருந்து மணமில்லாத நச்சு வாயு வரலாம், அதைக் காட்டிக்குடுக்கிற, பற்றரியில வேலைசெய்யிற காபன் மொனொக்சைட் அலாரம் ஒண்டு வாங்கிப் பையில போட்டுக்கொண்டு போம், இரவில ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையும். குளிருதெண்டு ஆரும் சாத்த வந்தால் விடாதையும்.