பேலட்டைப் பிரிக்கும்போது ஆணியைப் பிடுங்காதீர்கள், அறுங்கள்

கேள்வி: கோவைக்கு அருகே சிறிய இயந்திரப் பட்டறை நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் உதிரிபாகங்கள் வந்த வகையில் 12 மரப் பேலட்டுகள் (சரக்கை அடுக்கித் தூக்கி இறக்கும் பலகைத் தட்டுகள்) சேர்ந்துவிட்டன. அவற்றைப் பிரித்து வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி செய்யலாம் என்று முதல் பேலட்டைக் கடப்பாரையால் நெம்பினேன்; ஏழு பலகைகளில் இரண்டுதான் முழுதாகத் தேறின. பலகை பிளக்காமல் பிரிப்பது எப்படி? இந்த மரத்தை வீட்டுக்குள் வைக்கலாமா? வெப்பம் ஏற்றிய மரம் என்பதால் கரையான் அரிக்காது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உங்கள் ஐந்து பலகைகள் பிளந்ததற்குக் காரணம் உங்கள் கைப்பழக்கக் குறைவு அன்று, பேலட்டில் அடிக்கப்படும் ஆணியின் அமைப்புதான். கடையில் நாம் வாங்கும் கம்பி ஆணி வழவழப்பானது. பேலட் ஆணியின் உடம்பிலோ திருகுப்புரியோ வளையப் பள்ளங்களோ இருக்கும். அதைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒரே அடியில் இறக்கிவிடுகிறார்கள். ஆணி உள்ளே போகும்போது ஒதுங்கிக்கொடுத்த மரநார், பிறகு அந்தப் பள்ளங்களுக்குள் வந்து இறுகிக்கொள்கிறது. ஃபோர்க்லிஃப்ட் தூக்கி இறக்கும் அதிர்ச்சியிலும் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பலகையின் நுனியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால், ஆணிக்கும் நுனிக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று விரற்கடை மரம் அத்தனை விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆணி அசையாது, மரம் நார்ப்போக்கில் பிளந்துகொள்ளும். ஆகவே, ஆணியைப் பிடுங்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஆணியை அறுத்துவிட்டால், பலகை எந்த வலியுமின்றிக் கையோடு வந்துவிடும்.

அறுப்பதற்கு முன்னால் எதைப் பிரிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தரம் பிரிப்பது அவசியம். நாடு கடந்து சரக்கோடு செல்லும் மரப் பேலட்டுகளில், மரத்தோடு பூச்சிகள் பரவாமல் இருக்க, பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 15ஆம் எண் தர விதிப்படி ஒரு முத்திரை இருக்க வேண்டும்; 2002இல் ஏற்கப்பட்ட விதி இது. பக்கவாட்டுக் கட்டையில் கதிர் போன்ற சின்னமும், அதன் அருகே நாட்டின் இரண்டெழுத்துக் குறியும், தயாரித்தவரின் எண்ணும், மரம் பதப்படுத்தப்பட்ட முறையின் குறியும் சூடு போட்டதுபோலவோ மையாலோ பதிந்திருக்கும். அந்தக் கடைசிக் குறிதான் நமக்கு முக்கியம். எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருந்திருக்கிறது என்று பொருள். மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. டி.எச். (DH) என்பதும் வெப்ப முறையே; நுண்ணலை போன்ற மின்காந்த அலையால் சூடேற்றுவார்கள். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டப்பட்ட மரம். அந்த வாயுவின் பெரும்பகுதி காற்றில் கலந்து போய்விடும் என்றாலும், நாள்தோறும் அதன் தூளைச் சுவாசித்து இழைத்து, பிள்ளைகள் படிக்கும் அறையில் வைக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. வெப்பம் ஏற்றிய பேலட்டுகளே வேண்டிய அளவு கிடைக்கும்போது, எம்.பி. குறியுள்ளதை ஒதுக்கிவைப்பதில் நமக்கு நட்டமில்லை. அதை அடுப்பிலும் எரிக்க வேண்டாம்.

முத்திரையே இல்லாதவை பெரும்பாலும் உள்நாட்டுப் போக்குவரத்துக்காக ரப்பர் மரம், சில்வர் ஓக், மாமரம் என்று கிடைத்த மரத்தில் அடித்தவையாக இருக்கும். முத்திரை இல்லை என்பதாலேயே அவை கெட்டவை ஆகிவிடா. ஆனால் அவற்றுக்கு வெப்பமும் காட்டப்பட்டிருக்காது என்று வைத்துக்கொள்வதே சரி. எந்தப் பேலட்டானாலும் குனிந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய்க் கறை, பூச்சிமருந்து வாடை, வெளுத்தோ கருத்தோ போன திட்டு இருந்தால் அதை அப்படியே கழித்துவிடுங்கள். அதன் மேல் எந்தச் சரக்கு சிந்தியது என்று முத்திரை சொல்லாது. முழுதும் நீல வண்ணம் பூசி, பேலட்டை வாடகைக்கு விடும் செப் (CHEP) போன்ற நிறுவனத்தின் பெயர் பொறித்த பேலட்டுகள் அந்த நிறுவனத்தின் உடைமை. அவற்றைப் பிரிப்பது பிறர் பொருளை உடைப்பதாகும். சரக்கு அனுப்பியவரிடம் சொல்லித் திருப்பிவிடுங்கள். மூலைக் கட்டைகள் மரத்தூளை அழுத்திச் செய்தவையாக இருந்தால் அவை நீர் பட்டதும் உப்பிவிடும். பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டையை விட்டுவிடலாம்.

இனிப் பிரிக்கும் முறை. பேலட்டில் இரண்டு வகை உண்டு. நீளமான மூன்று சட்டங்களின் மேலும் கீழும் பலகைகளை அறைந்திருப்பது ஒரு வகை. ஒன்பது குட்டிக் கட்டைகளின் மேல் குறுக்குப் பலகையும், அதன் மேல் நெடுக்குப் பலகையும் அறைந்திருப்பது இன்னொரு வகை. சட்ட வகை எளிது. பேலட்டைச் சுவரோரமாகச் செங்குத்தாக நிறுத்தி, அசையாமல் கட்டிவிடுங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு மர ஆப்பை மெல்லத் தட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்குங்கள். முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் ரெசிப்ரோகேட்டிங் ரம்பம் இருந்தால், மரத்தையும் ஆணியையும் சேர்த்து அறுக்கும் பைமெட்டல் பிளேடை மாட்டி, அந்த இடைவெளியில் சட்டத்தோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து ஓட்டுங்கள். பிளேடு சற்று வளைந்து கொடுக்கும் நீளமாக, ஒன்பது அங்குலம் அளவில் இருப்பது நல்லது. மரத்தூள் சத்தம் திடீரென்று இரும்புக் கீச்சலாக மாறும் இடத்தில் ஆணி அகப்பட்டுவிட்டது என்று தெரியும். அங்கே அழுத்தாமல் ரம்பத்தின் கனத்தையே வேலை செய்ய விடுங்கள். அறுபட்ட ஆணியின் முகம் வெள்ளிப் புள்ளிபோல் மின்னும். பலகை அந்தப் புள்ளியோடு கையில் கழன்று வரும். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் சக்கரத்தை மாட்டி இந்த வேலையைச் செய்ய முயல வேண்டாம். இடுக்கில் சக்கரம் சிக்கினால் கருவி எகிறி உங்கள் மேலேயே வரும்.

மின்ரம்பம் இல்லையென்றால், உங்கள் ஊரில் எந்த வெல்டிங் பட்டறையிலும் அரைமணி நேரத்தில் செய்து தரக்கூடிய ஒரு கருவி போதும். நான்கடி இரும்புக் குழாயின் முனையில், சட்டத்தின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு இரண்டு கனமான இரும்புப் பட்டைகளை விரல்கள்போல் பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்த இரு விரல்களும் சட்டத்தின் இரண்டு பக்கமும் நுழைந்து, ஆணி வரிசைக்கு இடமும் வலமுமாகப் பலகையை ஒரே நேரத்தில் தூக்கும். விசை ஒரு நுனியில் குவியாமல் பரவுவதால் பிளவு மிகவும் குறைகிறது. ஒரே மூச்சில் தூக்கிவிடாதீர்கள். முதல் சட்டத்தில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம் என்று பலகை முழுதும் சமமாக எழும்பும்படி திரும்பத் திரும்ப வாருங்கள். அரை அங்குலம் எழும்பியதும் பலகையைச் சுத்தியலால் மீண்டும் கீழே தட்டினால், ஆணித் தலைகள் மட்டும் மேலே துருத்தி நிற்கும். சுத்தியலின் பிளந்த நாவுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து அவற்றை இழுத்துவிடலாம். சில ஆணிகளின் தலை பலகைக்குள்ளேயே புதைந்து, பலகை அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அந்தத் துளை பெரிதானாலும் பலகை பிளப்பதைவிட அது மேல்.

கட்டை வகைக்கு வரிசை முக்கியம். ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கில் பெரும்பாலும் காணப்படும் 1200க்கு 800 மில்லிமீட்டர் யூரோ பேலட் இந்த வகைதான்: 11 பலகைகள், 9 கட்டைகள், 78 ஆணிகள், உயரம் 144 மில்லிமீட்டர். பலர் அவசரத்தில் கட்டைகளுக்கு நடுவே பலகையை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் நெடுக்கில் கிடைக்கும் துண்டு 38 சென்டிமீட்டர்தான். நாலடிப் பலகையை ஒன்றேகால் அடியாக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேலட்டைக் கவிழ்த்து, முதலில் அடிப்பலகை மூன்றையும் கட்டைகளிலிருந்து அறுத்து விடுவியுங்கள். அடுத்து ஒன்பது கட்டைகளையும் குறுக்குப் பலகைகளிலிருந்து அறுங்கள். எஞ்சுவது ஒரு பாய்போல் கிடக்கும் மேல்தளம் மட்டுமே. அதில் சில ஆணிகளின் முனை பின்புறம் மடக்கிவிடப்பட்டிருந்தால், முனையைக் குறடால் வெட்டியோ நிமிர்த்தியோ தலைப்பக்கம் தட்டி எடுங்கள்.

கண்ணாடி, தடித்த அடிப்பகுதி உள்ள காலணி, தூசிக்கு முகக்கவசம், கையுறை ஆகிய நான்கும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையை இழைக்கும் முன் செய்யவேண்டிய ஒன்றை நான் வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் அதைச் செய்யாமல் விட்டதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். என் பட்டறையில் ஒரு நாள், சுத்தமாகத் தெரிந்த பைன் பலகை ஒன்றை மின் இழைப்பியில் விட்டேன். அரிசி அளவுகூட இல்லாத ஆணித்துணுக்கு ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. புதிய பிளேடுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் பல் விழுந்து, அன்று முதல் இழைத்த ஒவ்வொரு பலகையிலும் ஒரு கோடு எழுந்து நின்றது. அதன் பிறகு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, பலகையின் இரு முகத்திலும் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்காமல் இழைப்பதில்லை. காந்தம் எங்கே சாய்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டமிட்டு, அறுபட்ட ஆணியைப் பின்புறமிருந்து சிறு துளைப்புளியால் தட்டித் தலைப்பக்கம் வெளியேற்றுங்கள். மணலும் சிமென்ட் தூளும் ஒட்டிய பலகையை முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். அவையும் பிளேடை இரும்பைப்போலவே தின்னும்.

வெப்பம் ஏற்றிய மரத்தைக் கரையான் தொடாது என்பது தவறான நம்பிக்கை. 56 டிகிரி வெப்பம், அன்றைக்கு மரத்துக்குள் இருந்த புழுவையும் முட்டையையும் கொல்கிறது. அதற்குப் பிறகு வருகிற பூச்சியைத் தடுக்க மரத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. பேலட்டுக்குப் பயன்படும் பைனும் ரப்பர் மரமும் வைரம் பாய்ந்த தேக்கு போன்றவை அல்ல, பெரும்பாலும் வெளிறுதான். ரப்பர் மரத்தை உளுக்க வைக்கும் வண்டு மிகவும் விரும்பும். கேரளத்தில் ரப்பர் மரத்தைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தி ஏற்றிப் பதப்படுத்துவது இதனால்தான். பலகையில் குண்டூசித் தலை அளவு துளைகளும், தட்டினால் மாவுபோல் உதிரும் தூளும் இருந்தால் அதை மற்ற பலகைகளோடு அடுக்கவே வேண்டாம். நல்ல பலகைகளுக்கு, இழைத்த பிறகு, வண்ணமோ வார்னிஷோ பூசுவதற்கு முன்பாகப் போரான் சார்ந்த மரக்காப்பு நீர்மத்தை இரு முகத்திலும் வெட்டு முனைகளிலும் ஊறும்படி பூசுங்கள். இது நீரில் கரைந்து போய்விடும் என்பதால், காய்ந்ததும் மேல்பூச்சு கட்டாயம். வெளியில் மழை படும் இருக்கைக்கு இது உதவாது. பைன் பலகையில் சாம்பல் நீலமாக ஓடும் வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஒரு பூஞ்சையின் கறை. நிறத்தை மாற்றுமே தவிர மரத்தின் உறுதியைப் பெரிதாகக் குறைக்காது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: வெப்பம் ஏற்றியது என்றால் உலர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. முத்திரை பெற்ற மரத்தில் ஈரம் இன்னும் நிறையவே இருக்கலாம். பிரித்த பலகைகளை உடனே ஒட்டி அலமாரியாக்கினால், சில மாதங்களில் சுருங்கி இணைப்புகளில் வாய் திறக்கும். நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை நேர்மேலாக வைத்து, உச்சியில் பாரம் ஏற்றிச் சில வாரங்கள் விடுங்கள். முறுக்கிக்கொள்ள வேண்டிய பலகைகள் அங்கேயே முறுக்கிக் காட்டிவிடும். அவற்றைச் சிறு துண்டுகளாக்கிக்கொள்ளலாம்.

உழைப்புக்கு ஏற்ற மரம் தேறுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு யூரோ பேலட்டின் 22 மில்லிமீட்டர் பலகைகள் மொத்தம் ஏறத்தாழ 1.2 கன அடி. 18 மில்லிமீட்டராக இழைத்து, ஆணித்துளை உள்ள நுனிகளைக் கழித்தால் முக்கால் கன அடி அளவு கையில் நிற்கும். மூன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், பத்தங்குல ஆழத்தில், நான்கு தட்டுகள் கொண்ட அலமாரிக்குப் பின்பலகை நீங்கலாக ஏறக்குறைய அந்த அளவு மரம்தான் வேண்டும். தேர்ந்து கழிப்பதற்கு இடம் வைத்து இரண்டு பேலட்டுகள் என்று கொள்ளுங்கள். உயரத்தை மூன்றரை அடி என்று நான் சொல்வதற்குக் காரணம், உங்களிடம் உள்ள மிக நீளமான பலகையே நாலடிக்குள்தான் இருக்கும். ஆறடி அலமாரியை மனத்தில் வைத்து வரைந்துவிட்டுப் பிறகு பலகைகளை முட்டுக்கொடுத்து நீட்டினால், அந்த இணைப்புதான் முதலில் தளரும். உயரம் வேண்டுமென்றால் இரண்டு அலமாரிகளாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சுவரில் பிணையுங்கள். பத்தங்குல ஆழத்துக்கு இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டும் விளிம்பை இழைப்புளியால் நேராக்காமல் பசை போடுவதில் பயனில்லை. புத்தகம் கனமான பொருள். 18 மில்லிமீட்டர் பைன் தட்டை நடுவே தாங்கல் இல்லாமல் இரண்டடிக்கு மேல் விட்டால் தொய்யும்.

பிரித்த கட்டைகளின் மேல், கீழ் இரு முகங்களிலும் அறுபட்ட ஆணிகள் புதைந்தே இருக்கும் என்பதால், அந்த முகங்களில் சிவப்பு வண்ணத்தால் கோடு இழுத்துவைத்து, உளியோ ரம்பமோ படாத வேலைகளுக்கு, இயந்திரத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்கவோ பாரம் ஏற்றவோ பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் பிரித்த இடம் முழுவதும் அந்தக் காந்தத்தை இழுத்துச் சென்று, சிதறிய ஆணித்துண்டுகளைப் பொறுக்கிய பிறகே யாரையும் வெறுங்காலோடு அந்தப் பக்கம் விடுங்கள்.