வாய் திறக்காமல் இருக்கலாமா?

கேள்வி: பைக் திருட்டு விசாரணைக்குத் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாமல் இருக்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: போகத்தான் வேண்டும் அம்மா. பெயர், விலாசம் சொல்லட்டும். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சாசனம் 20(3) தரும் உரிமை அது. போலீஸ் விசாரணையிலும் உண்டு என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லட்டும், பொய் வேண்டாம்.

அப்புறம் கையெழுத்து. விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது என்பதுதான் சட்டம். வெற்றுத் தாளில் பெருவிரல் பதித்துவிட்டு, சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு என்னைத் தேடி வந்தார் ஒரு பீடித் தொழிலாளி. விரலில் மை அப்படியே இருந்தது. இன்றும் மனசு ஆறவில்லை. தம்பியோடு ஒரு வக்கீலையும் அனுப்புங்கள்.