மூன்று கேம்பஸ் கூப்பிடுகிறது, எங்கே போவது?

கேள்வி: அக்கா, நான் பத்து வயதில் மதுரையிலிருந்து டெக்சாஸ் வந்தவள். கல்லூரியில் தெற்காசியப் பெண்களுக்கான சிறிய சோராரிட்டி ஒன்றில் சேர்ந்தேன். போன வருடம் படிப்பு முடிந்து டாலஸில் வேலைக்குச் சேர்ந்தும் சோராரிட்டி என்னை விடவில்லை. தேசியக் குழுவில் விரிவாக்கப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்களுக்கு மொத்தமே 5 சாப்டர், 58 பேர். அதிலும் ஒரு சாப்டரில் 6 பேர்தான். இப்போது 3 கேம்பஸிலிருந்து "எங்களுக்கும் சாப்டர் வேண்டும்" என்று கேட்கிறார்கள். ஓஹையோவில் ஒரே ஒரு பெண், மூன்றாம் வருடம், தினமும் மெசேஜ் போடுகிறாள். ஜார்ஜியாவில் 9 பேர் தாங்களாகவே ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள், அதில் 7 பேர் மூன்றாம், நான்காம் வருடம். இன்னொன்று என் வீட்டிலிருந்து 40 நிமிடத்தில் இருக்கிற கல்லூரி. அங்கே முதல் வருடப் பெண்கள் 4 பேர், "யோசிக்கிறோம்" என்கிறார்கள். எங்கள் தலைவி மூன்றையும் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்கிறாள், சின்னதாகவே இருந்தால் செத்துப்போவோமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய சோராரிட்டிகள் முன்னால் நாங்கள் எப்படி வளர்வது?

- பெயர் வேண்டாம், டாலஸ்

பதில்: தங்கச்சி, அந்த 40 நிமிடக் கல்லூரிக்குப் போ. மற்ற இரண்டும் இந்த வருடம் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், உன் தலைவியிடம் நீ பேச வேண்டியிருக்குமே.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இரண்டு வரி. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு மாணவிகள் நடத்தும் சங்கம்தான் சோராரிட்டி. ஒவ்வொரு கேம்பஸிலும் இருக்கும் கிளைக்கு சாப்டர் என்று பெயர். சேர்ந்தால் ஆயுசுக்கும் அக்கா தங்கை. சந்தா உண்டு, சடங்கு உண்டு, சண்டையும் உண்டு.

உன் தலைவி சொல்வதில் பாதி சரி, அதை ஒப்புக்கொள். ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்து வெஸ்லியன் கல்லூரியில் 1851-ல் அடெல்ஃபியன் என்றொரு மாணவியர் சங்கம் தொடங்கியது. மறு வருடமே ஃபிலோமேத்தியன் என்று இன்னொன்று. அரை நூற்றாண்டுக்கு இரண்டும் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டவில்லை. 1904-ல் ஒன்று, 1905-ல் மற்றொன்று, வெளியே கிளை விடுவது என்று முடிவெடுத்தன. பத்தே வருடத்தில், 1914-ல், வெஸ்லியன் கல்லூரி தன் வளாகத்தில் சோராரிட்டியே கூடாது என்று மூடிவிட்டது. தாய்வீடு போயிற்று, ஆனால் வெளியே போன கிளைகள் பிழைத்தன. இன்றைக்கு ஆல்ஃபா டெல்டா பை, ஃபை மியூ என்று நாடு முழுக்க இருப்பவை அவைதான். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் யாரோ ஒரு நிர்வாகியின் கையெழுத்தில் கதை முடிந்துவிடும்.

ஆனால் அதற்காக அகலக்கால் வைக்க முடியாது. சாப்டர் எங்கே சாகிறது என்று உன் தலைவி பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய சோராரிட்டிக்கு ஆலோசகராக இருந்தேன். 11 பேரோடு ஒரு புது சாப்டர் திறந்தோம். பேனர், புடவை, புகைப்படம், எல்லாம் அமர்க்களம். இரண்டாவது வருட மே மாதம் அந்தப் 11 பேரில் 8 பேர் கவுனும் தொப்பியும் போட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். நடுவில் சேர்ந்தவர்கள் 2 பேர். செப்டம்பரில் மிஞ்சிய 5 பேரில் ஒருத்தி கல்லூரி மாறினாள், ஒருத்தி நர்சிங் கிளினிக்கல் என்று விலகினாள். மூன்று பேர் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று எல்லாப் பதவியையும் சுமந்து, டிசம்பரில் அழுதுகொண்டே எனக்கு போன் செய்தார்கள். அந்தச் சாப்டரின் மிச்சம் இன்னும் என் வீட்டு கராஜில் ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது: மடித்த பேனர், பாதி எரிந்த மெழுகுவர்த்திகள், முதல் 14 பக்கம் மட்டும் எழுதிய ரசீது புத்தகம். வீடு மாறும்போதெல்லாம் என் கணவர் "இதைத் தூக்கிப் போடவா" என்று கேட்பார். போடவில்லை.

அந்த 11 பேரிடமும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. நாங்கள் கேட்க மறந்த ஒரே கேள்வி, "எந்த வருடம் படிக்கிறாய்?" கல்லூரிக் கூட்டம் நாலு வருடத்தில் முழுக்க மாறிவிடும். திறந்த நாளில் எத்தனை பேர் என்பது கணக்கே இல்லை. மூன்றாவது வருடம் வாசலில் யார் நிற்பார்கள் என்பதுதான் கணக்கு. இப்போது உன் பட்டியலைப் பார். ஜார்ஜியாவில் 9 பேர், ஆனால் இரண்டு வருடம் கழித்து 2 பேர். ஓஹையோவில் பூஜ்யம். உன் பக்கத்துக் கல்லூரியில் 4 பேர், இரண்டு வருடம் கழித்தும் 4 பேர். அவர்கள் "யோசிக்கிறோம்" என்று சொன்னதே எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்கத்தில் என்பதும் சாதாரண விஷயமில்லை. புது சாப்டருக்கு முதல் வருடம் வேண்டியது ஒரு மூத்தவள் நேரில் வந்து உட்காருவது. சந்தா வசூலிக்கச் சங்கடப்படும் பொருளாளருக்குப் பக்கத்தில், முதல் சண்டைக்கு நடுவில், கேம்பஸ் அலுவலகத்தில் படிவம் திருப்பி அனுப்பப்பட்ட நாளில். ஜூமில் நடக்கிற காரியமா இது? ஓஹையோவுக்கு டாலஸிலிருந்து ஒரு தடவை விமானத்தில் போய்வரும் செலவில் அந்தப் பிள்ளைகளோடு ஒரு செமஸ்டர் முழுக்க டீ குடிக்கலாம்.

பெரிய சோராரிட்டிகளைப் பற்றிக் கேட்டாய். பெரிய சோராரிட்டிகளின் கூட்டமைப்பான தேசிய பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸில் இருக்கும் அமைப்புகளைத்தானே சொல்கிறாய்? அவர்களோடு உனக்குப் போட்டியே இல்லை. அலபாமா மாதிரிப் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே, சேர இடம் தேடி 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வெயிலில் சோராரிட்டி வீடு வீடாக நடக்கிறார்கள். அந்தத் திருவிழாவில் நீ கடை போட வேண்டாம். புது கேம்பஸுக்குள் போக அவர்கள் பின்பற்றும் முறையும் வேறு. அந்தக் கல்லூரியின் பான்ஹெலனிக் பெண்கள் வாக்கெடுத்துக் கதவைத் திறப்பார்கள், பல அமைப்புகள் வந்து பேசும், ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். உன்னைப் போன்ற அமைப்பு பெரும்பாலும் பல இன மாணவர் சங்கங்களுக்கான பல்கலாசாரக் கவுன்சில் வழியாகத்தான் நுழையும்.

உன் நிஜமான போட்டி யார் தெரியுமா? தெற்காசியப் பெண்களின் மற்ற சோராரிட்டிகள்தான். கப்பா ஃபை காமா ஆஸ்டினில், டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டனில், சிக்மா சிக்மா ரோ நியூயார்க்கில், மூன்றும் 1998-ல் தொடங்கியவை. மறு வருடம் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் டெல்டா கப்பா டெல்டா. நாலில் மூன்று உன் மாநிலத்திலேயே பிறந்தவை. அந்த 40 நிமிடக் கல்லூரியில் இவற்றில் எது ஏற்கெனவே இருக்கிறது என்று முதலில் பார். ஒன்று பலமாக இருந்தால், அந்த 4 பேரிடம் "அங்கே ஏன் சேரவில்லை?" என்று நேராகக் கேள். பதிலில் சாரம் இருந்தால் தொடங்கு. "அங்கே எடுக்கவில்லை" என்பது மட்டும்தான் பதில் என்றால் யோசி.

ஒருவரையும் சேர்ப்பதற்கு முன்பே கேம்பஸ் அலுவலகத்துக்குப் போய்விடு. பல இடங்களில் எழுத்தில் அனுமதி வரும் முன் ஆள் சேர்த்தால் கதவை அடைத்துவிடுவார்கள். காப்பீட்டுச் சான்றிதழ், சங்க விதிகள், ஆலோசகர் பெயர், குறைந்தபட்ச ஆள் கணக்கு எல்லாம் கேட்பார்கள். முதல் செமஸ்டர் மாணவிகளைச் சேர்க்கவே கூடாது என்ற விதியும் பல கல்லூரிகளில் உண்டு. உன் 4 பேருக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொள். உங்கள் அமைப்பு சட்டப்படி பதிவாகியிருக்கிறதா? சிரிக்காதே, கேட்கிறேன். 1908-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களின் சோராரிட்டியான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கியது. 1913 ஜனவரியில் 22 மாணவிகள் பிரிந்துபோய் டெல்டா சிக்மா தீட்டாவை ஆரம்பித்தார்கள். மீதி இருந்தவர்களை அப்போது நிமிர்த்தியது நெல்லி குவாண்டர் என்ற முன்னாள் மாணவி. அதே மாதம் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். அதே வருடம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாவது சாப்டர். முதலில் காகிதம், பிறகுதான் கிளை.

(இந்தச் சங்கத்தை நம்மவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கமலா ஹாரிஸ் 1986-ல் சேர்ந்தது இதில்தான். 2020 ஆகஸ்டில் கட்சி மாநாட்டில் தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கும்போது, சித்திகளையும் இந்தச் சோராரிட்டியையும் ஒரே மூச்சில் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டு வாட்ஸப்பில் சித்தி என்ற சொல் மட்டும்தான் ஓடியது. மற்றதை யாரும் கவனிக்கவில்லை.)

கறுப்பினப் பெண்களின் சோராரிட்டிகளிடமிருந்து இன்னொரு பாடமும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நகரத்தில் பல கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர் என்றால், எல்லோரையும் சேர்த்து நகரச் சாப்டர் ஒன்றாக நடத்துவார்கள். உன் டாலஸ் சுற்றுவட்டாரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 6 பேர் இருக்கும் அந்தச் சாப்டர் அந்தப் பக்கம்தான் என்றால், புதிய 4 பேரையும் அதோடு சேர்த்து 10 பேர் கொண்ட ஒரே வீடாக்கிவிடலாம். வெளி மாணவிகளை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் கல்லூரியும் உண்டு, அதனால் இரண்டு பக்கமும் முதலிலேயே கேட்டுவிடு. அந்த 6 பேர் வேறு ஊர் என்றால், புதியதைத் திறக்கும் முன் அவர்களைப் போய்ப் பார். தேய்கிற சாப்டரை விட்டுவிட்டுப் புதுசு திறப்பது, கூரை ஒழுகும்போது மாடி கட்டுகிற கதை.

ஆள் சேர்ப்பதில் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். தகவல் கூட்டத்துக்கு 30 பேர் சமோசாவுக்காக வருவார்கள், 12 பேர் தாளில் பெயர் எழுதுவார்கள். அந்த 12 பேருக்கும் இரண்டு நாளுக்குள் ஒரு மனுஷி போன் செய்ய வேண்டும். குரூப்பில் போடும் மெசேஜ் கணக்கில் வராது. "உன் லேப் பரீட்சை எப்படிப் போச்சு?" என்று ஒருத்தி கேட்டதற்காகச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் முதல் சந்தா ரசீதோடு நின்றுவிட்டார்கள்.

அப்பா அம்மாக்களிடமும் பேசத் தயாராக இரு. நம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பணம், இரண்டாவது "ராகிங் இருக்குமா?" தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது. அந்தத் தலைமுறைதான் இன்றைக்கு இங்கே கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது, அவர்களுக்கு அந்தப் பயம் நிஜம். மழுப்பாதே. ராகிங்கை இங்கே ஹேசிங் என்பார்கள். இங்கேயும் 2024 டிசம்பரில் கேம்பஸ் ஹேசிங் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. எந்த அமைப்பு அத்துமீறியது என்று பல்கலைக்கழகமே அறிக்கை வெளியிட வேண்டும். ஒரு சாப்டரில் யாரோ நள்ளிரவில் செய்த முட்டாள்தனம், நீ விண்ணப்பிக்கும் அடுத்த கேம்பஸின் மேஜையில் காகிதமாகக் கிடக்கும். உன் 5 சாப்டரிலும் புது உறுப்பினர் காலத்தில் என்ன நடக்கிறது என்று உனக்கே முழுசாகத் தெரியுமா?

பெரிய அமைப்போடு இணைந்துவிடலாம் என்று உங்கள் குழுவில் யாராவது ஒருநாள் சொல்வார்கள். அதுவும் நடந்திருக்கிறது. டெல்டா ஜீட்டா என்ற பெரிய சோராரிட்டி மட்டும் 1941-க்கும் 1962-க்கும் இடையில் நாலு சிறிய சோராரிட்டிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1903-ல் யூதப் பெண்களுக்காகத் தொடங்கிய அயோட்டா ஆல்ஃபா பை, யாரோடும் சேராமல் 1971-ல் கலைந்தது. எது நல்ல முடிவு என்று அந்தப் பெண்கள்தான் சொல்ல வேண்டும். உனக்கு அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை.

ஜார்ஜியாப் பெண்களை விட்டுவிடச் சொல்லவில்லை. "முதல், இரண்டாம் வருடத்தில் 5 பேரைச் சேர்த்துவிட்டு வசந்தத்தில் கூப்பிடுங்கள், நான் நேரில் வருகிறேன்" என்று எழுது. சேர்த்துவிட்டார்களென்றால், ஆள் பிடிக்கத் தெரிந்த சாப்டர் உனக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அட்லாண்டா பக்கம் உங்கள் பழைய மாணவிகள் இரண்டு பேராவது வேலை பார்க்கிறார்களா என்றும் தேடிப் பார், கார் தூரத்தில் யாரும் இல்லாவிட்டால் இன்னும் பொறு.

அந்த ஓஹையோப் பெண்ணுக்கு இன்றைக்கே போன் செய். மெசேஜ் வேண்டாம். "உன் கேம்பஸில் திறக்க முடியாது, ஆனால் படிப்பு முடிந்து எந்த ஊருக்குப் போகிறாயோ அங்கே பக்கத்தில் எங்கள் சாப்டர் இருந்தால் ஆலோசகராக வருவாயா?" என்று கேள். தினமும் மெசேஜ் போடுகிற பெண்ணை நாலு வரி மறுப்போடு அனுப்பிவிடாதே.