மார்ச்சிலேயே நிற்கும் கடிகாரம்: புதுப்பிக்க மறுக்கும் ராஸ்பெரி பை

கேள்வி: எங்கள் பள்ளி மொட்டை மாடியில் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினியைக் கொண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு மழைமானி செய்தோம். அதன் இயங்குதளத்தின் புக்வர்ம் பதிப்பு ஓடுகிறது. 2025 மார்ச் 10 அன்று அணைத்து வைத்ததை, வடகிழக்குப் பருவமழைக்காக அக்டோபர் 4 அன்று மீண்டும் இயக்கினோம். பள்ளியின் இணைய இணைப்பு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றால், ‘ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் 207 நாள் 9 மணி நேரத்துக்குச் செல்லாது’ என்று பிழை வருகிறது. இயங்குதளம் இருக்கும் மெமரி கார்டை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: கார்டை அழிக்காதீர்கள். உங்களுக்கு வந்த பிழைச் செய்தியிலேயே விடை இருக்கிறது. மார்ச் 10 முதல் அக்டோபர் 4 வரை எண்ணிப் பாருங்கள்: 208 நாள். கருவி அணைந்து கிடந்த காலமும் பிழை சொல்லும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரிலீஸ் கோப்பு என்பது, மென்பொருள் தொகுப்புகளைத் தரும் இணையக் களஞ்சியத்தின் பட்டியல்; அது நீங்கள் முயன்றதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியாகியிருக்கும். அதனால்தான் கணக்கு 208 நாளைவிடச் சில மணி நேரம் குறைகிறது. உங்கள் கருவியைப் பொறுத்தவரை இன்னும் மார்ச் மாதம் நடக்கிறது. டெர்மினலில் ‘டேட்’ என்று தட்டினால் அதுவே ஒப்புக்கொள்ளும்.

கணினிகளில் நேரத்தைக் காக்க பட்டன் பேட்டரியோடு ஒரு சில்லு இருக்கும். ராஸ்பெரி பை 3-இல் அது கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல்தான் அந்தச் சில்லைச் சேர்த்தார்கள். அதிலும் பேட்டரியை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். மற்ற மாடல்களில் ‘ஃபேக் எச்டபிள்யூ கிளாக்’ என்ற சிறு நிரல், அணைக்கும்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குகிறது. இணையம் கிடைத்ததும் நேர சர்வரைக் கேட்டு மிச்சத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இணையம் இருந்தும் உங்களுக்கு ஏன் சரியாகவில்லை? நேரம் கேட்கும் உரையாடல் யுடிபி போர்ட் 123 என்ற வலையமைப்புக் கதவு வழியாக நடக்கிறது. பள்ளி, அலுவலக வலையமைப்புகள் பலவற்றில் அந்தக் கதவை மூடி வைத்திருப்பார்கள். ஒரு விடுதியில் இதே சிக்கலில் அரை நாள் கார்டையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் ஒரு நிமிடத்தில் கடிகாரம் சரியானது. நீங்களும் அதையே முதலில் செய்யுங்கள். பிறகு ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையைக் கொடுத்தால், கடிகாரம் ஒத்துப்போனதா என்ற வரியில் ‘யெஸ்’ இருக்க வேண்டும்.

தேதிச் சரிபார்ப்பையே அணைத்துவிடும் தெரிவு ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள். ரிலீஸ் கோப்பில் கையொப்பத்தோடு தேதியும் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓட்டையுள்ள பழைய தொகுப்புகளைப் புதியவை என்று யாராவது உங்கள் தலையில் கட்டினால் தடுப்பது அந்தத் தேதிதான்.

கடிகாரம் சரியானதும் இன்னொரு கேள்வி வரலாம். உங்கள் இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானதால், புக்வர்ம் ‘ஸ்டேபிள்’ (நடப்புப் பதிப்பு) நிலையிலிருந்து ‘ஓல்ட்ஸ்டேபிள்’ (முந்தைய பதிப்பு) ஆகிவிட்டது; கருவி தூங்கிய மாதங்களில் நடந்த மாற்றம் அது. இதை ஏற்கிறீர்களா என்று கேட்டால் ‘ஒய்’ அழுத்துங்கள், அவ்வளவுதான். ஆனால் இதே கார்டில் அடுத்த பதிப்புக்குத் தாவ வேண்டாம். பருவமழை முடிந்த பிறகு வேறொரு கார்டில் புதிதாக நிறுவிக்கொள்ளலாம்.

புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரம் போனால், மறுபடி இயக்கியதும் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். கைப்பேசி சார்ஜரில் ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும்.

நிலையான தீர்வு, டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு உள்ள சிறு பலகை. ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில்தான் பிசகும். நான்கே கம்பிகள்: மின்சாரம் 1-ஆம் பின், தரவு 3, துடிப்பு 5, எர்த் 9. மின்சாரத்தை 3.3 வோல்ட்டில் இருந்தே எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால், அந்த அழுத்தம் தரவுக் கம்பி வழியே பை-க்குள் போய் அதைக் கெடுத்துவிடலாம். மாணவர்கள் கை வைக்கும் இடம் என்பதால் 1-ஆம் பின்னில் ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் செய்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் பெரிய கவலை. அக்டோபர் 4 முதல் பெய்த மழையெல்லாம் உங்கள் பதிவேட்டில் மார்ச் மழையாக ஏறியிருக்கிறது. அந்த வரிகளை அழித்துவிடாதீர்கள். கோப்பை நகல் எடுத்துக்கொண்டு நகலில் திருத்துங்கள். எல்லா வரிக்கும் 208 நாளைக் கூட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இடையில் கருவி எத்தனை முறை அணைந்ததோ, அத்தனை முறையும் அணைந்திருந்த நேரம் கூடுதலாகப் பின்தங்கியிருக்கும். உங்கள் ஊரில் நல்ல மழை பெய்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு, வானிலை ஆய்வு மையம் வெளியிடும் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேர மழையளவோடு ஒப்பிடுங்கள். எங்கே பொருந்துகிறதோ அங்கிருந்து முன்னும் பின்னுமாகத் தேதிகளைச் சரிசெய்துகொண்டு வரலாம்.